செம்பருத்தியில் மாவுப்பூச்சி: அறிகுறி பார்த்து வைத்தியம்

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒன்பது செம்பருத்திகள் நிற்கின்றன. பங்குனி பிறந்தால் போதும், ஒன்றிலாவது வெள்ளை தட்டிவிடும். என் செடி போதாதென்று, தெருவில் யார் வீட்டுச் செடிக்கு வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது, "என்ன மருந்து அடிக்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "எறும்பு ஓடுதா?" ஏன் என்பது கீழே வரும்.

இதை முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் செடியில் தெரியும் அறிகுறியைப் பிடித்து அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத வழி முதலில், செலவு வைக்கும் வழி கடைசியில்.

கைவசம் வேண்டியவை: பழைய டூத் பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சி, கத்தரி, கறுப்புக் குப்பைப் பை, ஒரு லிட்டர் கைத்தெளிப்பான். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் சரிதான்.

அறிகுறி 1: கணுவிலும் நுனியிலும் வெள்ளைப் பஞ்சு

முதலில் அது மாவுப்பூச்சிதானா என்று பாருங்கள். கிளையைத் தட்டினால் வெள்ளையாகக் குபீரென்று பறக்கிறதா? அது வெள்ளை ஈ. இலையின் அடியில் வளையம் வளையமாக வெள்ளைக் கோலம் போட்டிருந்தால் சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் தென்பட்டுப் பிறகு பல செடிகளுக்கும் பரவியதே, அந்த ஜாதியும் இப்படித்தான் கோலம் போடும். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவி, பக்கத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள். தொடர்ந்து வந்தால் அறிகுறி 6இல் உள்ள வேப்பெண்ணெய்.

இலையின் மேல்பக்கம் திருநீறு பூசியது போலத் தட்டையாக இருந்து, துடைத்தால் பூச்சி எதுவும் கையில் வராவிட்டால் அது சாம்பல் நோய். பூஞ்சை வேலை. அதற்கு இந்த வைத்தியம் பொருந்தாது.

ஒரு பஞ்சை ஈர்க்குச்சியால் நசுக்கிப் பாருங்கள். ஈரமாக இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ சாறு வந்தால் மாவுப்பூச்சி, சந்தேகமே வேண்டாம்.

எவ்வளவு இருக்கிறது?

பத்துப் பன்னிரண்டு புள்ளிதான் என்றால் மருந்தைத் தொடவே வேண்டாம். ஊசி போடும் முன் துடைப்பார்களே, அந்த ஸ்பிரிட்டை மருந்துக் கடையில் வாங்கிப் பஞ்சுக் குச்சியில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். மெழுகு கரைந்து, பூச்சி நிறம் மங்கிப்போகும். இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கை விட்டுவிடாதீர்கள். மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள், இரண்டு மூன்று தப்பியிருக்கும்.

நாலைந்து கிளையில் பரவியிருந்தால் தண்ணீர். குழாய் முனையைக் கட்டைவிரலால் பாதி அடைத்து, பீய்ச்சும் வேகத்தில் கீழிருந்து மேலாக அடியுங்கள். செம்பருத்தி தாங்கும். புதிதாக நட்ட கன்று மட்டும் தாங்காது, அதைக் கையால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தேயுங்கள். காலையில் அடித்தால் இலை உலர்ந்துவிடும். மூன்று நாள் தொடர்ந்து செய்யுங்கள். தொட்டிக்குக் கீழே விழுந்த பூச்சியைத் துடைத்து எடுக்க மறக்கக் கூடாது, அது திரும்ப ஏறும்.

கிளை முழுக்க வெள்ளை என்றால் அறிகுறி 4க்கும் 6க்கும் போங்கள்.

அறிகுறி 2: வெள்ளைப் பூச்சிகளில் ஒன்று மட்டும் பெரிதாக, வேகமாக ஓடுகிறது

நிறுத்துங்கள். பிரஷ்ஷைக் கீழே வையுங்கள்.

மாவுப்பூச்சி நகர்வது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக. உடம்பெல்லாம் நீள நீளமாக வெள்ளைச் சடை தொங்க, தொட்டால் சுறுசுறுப்பாக ஓடுவது அதன் எமன். கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. வளர்ந்த வண்டு கறுப்பாக, தலைப்பக்கம் ஆரஞ்சு நிறமாக இருக்கும். 1898இல் காப்பிச் செடியின் செதில் பூச்சியை அடக்க ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே அது மாவுப்பூச்சியைத்தான் விரும்பித் தின்கிறது. இரையைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு இரைக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடும்.

முதல் வருஷம் இது தெரியாமல், "அம்மாடி, எவ்வளவு பெரிய மாவுப்பூச்சி!" என்று பொறுக்கிப் பொறுக்கி நசுக்கினேன். ஏழோ எட்டோ இருக்கும். அடுத்த மாதம் அந்தச் செடி போயே போய்விட்டது.

இன்னொரு சோதனை: பூச்சிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பிப் பழுப்பாகி, காய்ந்த சீரகம் போல ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா? முதுகில் உருண்டையாகத் துளை இருக்கிறதா? ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து வெளியேறிய கூடு அது. பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவைப் பகுதியில் தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. எந்த மருந்துக்கும் அடங்காததை, 2010இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து வரவழைத்த அசரோபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்கே தெரியாத குளவிதான் அடக்கியது. அந்தப் பூச்சி செம்பருத்திக்கும் வரும். குளவி ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தால் உங்கள் மருந்து அதைத்தான் முதலில் கொல்லும்.

புழுவோ கூடோ கண்ணில் பட்டால்: எறும்பை மட்டும் விரட்டுங்கள் (அடுத்த தலைப்பு), எண்ணெயோ சோப்போ அடிக்காமல் இரண்டு வாரம் விடுங்கள். குறைந்துகொண்டே வந்தால் அப்படியே விட்டுவிடலாம். கூடினால் அறிகுறி 6.

அறிகுறி 3: தண்டில் எறும்பு வரிசை, இலையில் பிசுபிசுப்பு, கரி பூசியது போல் கறுப்பு

மூன்றும் ஒரே கதை. மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சி, மிச்சத்தை இனிப்பு நீராகக் கழிக்கிறது. அதைக் குடிக்க எறும்பு வருகிறது. குடிப்பதோடு போகாமல் பொறிவண்டையும் குளவியையும் அண்டவிடாமல் காவல் நிற்கிறது. அந்த இனிப்பில் பூஞ்சணம் வளர்ந்து இலை கறுக்கிறது. எறும்பு இருக்கும்வரை நீங்கள் அடிக்கும் எந்த மருந்தும் அரை வைத்தியம்தான்.

முதலில் நிமிர்ந்து பாருங்கள். செம்பருத்தியில் ஒரு பூச்சிகூட இல்லை, ஆனால் இலை பிசுபிசுக்கிறது என்றால் மேலே மாமரம் இருக்கிறதா? பூக்கும் காலத்தில் மாமரத் தத்துப்பூச்சி இதே வேலையைச் செய்யும், சொட்டுவது உங்கள் செடிமேல். தொட்டியை நகர்த்தி வைத்து, இலையைக் கழுவிவிட்டால் முடிந்தது.

செடியிலேயே பூச்சி இருந்தால் எறும்பின் பாதையை வெட்டுங்கள்.

தொட்டிச் செடிக்கு: அகலமான பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து, அதன்மேல் தொட்டி. செடியின் ஒரு இலைகூடச் சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடக் கூடாது. ஒரு இலை தொட்டாலும் எறும்புக்கு அது பாலம். தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் விடுங்கள், இல்லாவிட்டால் கொசுப் பண்ணை ஆகிவிடும்.

தரையில் உள்ள செடிக்கு: தண்டில் அகலமான செலோடேப் சுற்றி, அந்த டேப்பின்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவினால் தண்டு வெந்துவிடும். வாரம் ஒருமுறை பாருங்கள், தூசி படிந்தால் எறும்பு நடந்து போகும்.

எறும்புப் பொடியைத் தொட்டி மண்ணில் கொட்டாதீர்கள். தண்ணீர் ஊற்றினால் வேருக்கும் போகும், கீழ்வீட்டு மாடிக்கும் வழியும்.

கரி படிந்த இலைக்கு: பூச்சி ஓய்ந்த பிறகு, அதற்கு முன் இல்லை, மைதாக் கஞ்சி. ஒரு லிட்டருக்கு 50 கிராம் மைதா. கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் காய்ச்சி, ஆறவிட்டு, மிச்சத் தண்ணீர் சேர்த்து, வடிகட்டி நல்ல வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்ததும் அப்பளத் தோல் போலக் கரியோடு சேர்ந்து உரிந்து விழும். பார்க்கவே அவ்வளவு திருப்தி.

அறிகுறி 4: நுனி சுருண்டு, இலை சிறுத்து, கொத்தாக முடிச்சுப் போட்டுக்கொள்கிறது

சுருளை நகத்தால் பிரித்துப் பாருங்கள்.

உள்ளே வெள்ளை இருந்தால் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. செம்பருத்தியில் அதிகம் வருவது இதுதான். அதன் எச்சில் பட்ட குருத்து கோணலாகவே வளரும், இனி நிமிராது. எந்தத் தெளிப்பும் அந்த முடிச்சுக்குள் நுழையாது. ஆகவே கத்தரிதான் மருந்து. முடிச்சுக்குக் கீழே ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். வெட்டும்போதே பைக்குள் விழும்படி கறுப்புப் பையைக் கிளைக்கு அடியில் பிடித்துக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு தூக்கிக்கொண்டு மாடி முழுக்க நடந்தால், குஞ்சுப் பூச்சிகளை நீங்களே விதைத்த மாதிரி. பை வாயைக் கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டுப் பிறகு குப்பைக்கு. உரக்குழியில் போடவே கூடாது. ஒவ்வொரு செடி முடிந்ததும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

"இவ்வளவு பூக்கிற கிளையை வெட்டச் சொல்றியே" என்பார்கள். வெட்டாமல் பாசம் காட்டியவர்கள் வீட்டில்தான் பிறகு மொத்தச் செடியும் போயிருக்கிறது.

உள்ளே வெள்ளை இல்லையென்றால், வெள்ளைத் தாளின்மேல் நுனியைத் தட்டுங்கள். மெல்லிய கோடு போல ஊர்ந்தால் இலைப்பேன். தண்ணீர், பிறகு வேப்பெண்ணெய். மிளகாய்த்தூள் அளவு சிவப்புப் புள்ளிகள் நகர்ந்து, இலையடியில் நூலாம்படை இருந்தால் சிலந்திப்பேன். தினமும் இலையடியைக் கழுவுங்கள். ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மாலை வேளையில். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடித்தால் இலை கருகும், அக்னி நட்சத்திர வெயிலிலும் கருகும்.

அறிகுறி 5: மொட்டு விரியாமல் உதிர்கிறது

பாதிப் பேர் வீட்டில் இதற்குக் காரணம் பூச்சியே இல்லை, தாகம். சித்திரையில் சின்னத் தொட்டிக்கு ஒருவேளைத் தண்ணீர் போதாது. மண்ணில் விரலை இரண்டு கணு வரை விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் காலையும் மாலையும் ஊற்றுங்கள்.

மண் ஈரமாக இருந்தும் உதிர்ந்தால், விழுந்த மொட்டின் பச்சைப் புல்லியை உரியுங்கள். அடியில் வெள்ளை தெரிந்தால் மாவுப்பூச்சி. மொட்டைப் பிளந்தால் உள்ளே சின்னப் புழு நெளிந்தால் அது வேறு பூச்சி. விழுந்த மொட்டைத் தினமும் பொறுக்கிப் பையில் கட்டி எறிந்தாலே குறையும்.

அறிகுறி 6: மருந்து அடித்தேன், போனது, திரும்ப வந்துவிட்டது

என்னை அதிகம் கூப்பிடுவது இதற்குத்தான். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "மாசம் தவறாம வேப்பெண்ணெய் அடிக்கிறேன் தம்பி, டப்பாவே காலி. பூச்சி மட்டும் அப்படியே இருக்கு." மாசம் தவறாமல் என்றதிலேயே பாதி விடை இருந்தது.

ஒரு தாய்ப்பூச்சி பஞ்சுப் பைக்குள் சில நூறு முட்டை இடும். பை மெழுகு, தண்ணீர் ஒட்டாது. நீங்கள் அடிப்பது தாயைக் கொல்லும், முட்டை தப்பும். ஒரு வாரம் போல ஆனால் குஞ்சு வெளியே வரும். மெழுகு போர்த்தாத, தெளிப்பில் எளிதாகச் சாகும் பருவம் அது ஒன்றுதான். முட்டையிலிருந்து தாயாகும்வரை ஏறக்குறைய ஒரு மாதம். மாதம் ஒருமுறை அடித்தால் ஒவ்வொரு முறையும் நீங்கள் பார்ப்பது அடுத்த தலைமுறையை.

ஆகவே சரிபார்க்க வேண்டிய வரிசை:

எறும்பு நின்றதா? இல்லையென்றால் அறிகுறி 3க்குத் திரும்புங்கள்.

முடிச்சை வெட்டினீர்களா? இல்லையென்றால் அறிகுறி 4.

இடைவெளி 7 நாளா? குறைந்தது நான்கு முறை. பூச்சி கண்ணில் படாவிட்டாலும் நான்காவது முறையை விடாதீர்கள்.

கலவை சரியா? ஒரு லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., பாத்திரம் கழுவும் திரவம் 1 அல்லது 2 மி.லி. எண்ணெயையும் திரவத்தையும் முதலில் அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு மூடிபோட்டுக் குலுக்குங்கள். மோர் போல வெள்ளையாக வர வேண்டும். பிறகு மிச்சத் தண்ணீர். மேலே எண்ணெய் கண் கண்ணாக மிதந்தால் கலவை சரியில்லை, அது பூச்சியில் ஒட்டாது, இலையைத்தான் சுடும். விளக்கேற்றும் பஞ்சதீப எண்ணெய் வேண்டாம், அது பல எண்ணெய்க் கலப்பு. மாலை ஐந்து மணிக்குமேல், இலையடியும் கணுவும் சொட்டச் சொட்ட நனையும்படி அடியுங்கள். புதுச் செடிக்கு முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள். எண்ணெய் ஒத்துவராத செடிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்: 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புச் சேர்த்து அன்றே அடித்துவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வந்தால் ஊற்று எங்கே என்று தேடுங்கள். தொட்டி விளிம்பின் அடிப்பக்கம், அடித்தட்டு, கொடி கட்டிய கம்பி முடிச்சு, சுவரில் ஆணி அடித்த ஓட்டை. முட்டைப் பை அங்கேதான் ஒளிந்திருக்கும். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அக்கா வீட்டில் அங்கேயும் இல்லை. காம்பவுண்டுச் சுவரை எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் காலி மனையில் ஆளுயரத்துக்குத் துத்தி, தண்டு தெரியாமல் வெள்ளை. துத்தி, வெண்டை, பருத்தி எல்லாம் செம்பருத்திக்குச் சொந்தக்காரர்கள். பார்த்தீனியத்திலும் இதே பூச்சி ஏறும். துத்தியைப் பிடுங்கிப் பையில் கட்டிய பிறகுதான் அக்காவின் எண்ணெய் வேலை செய்தது.

அடுத்த படி கொஞ்சம் செலவு: வெர்டிசீலியம் லெகானி. பூச்சியைப் பிடிக்கும் பூஞ்சைப் பொடி, உயிர் உரம் விற்கும் கடையில் கிடைக்கும். லிட்டருக்கு 5 கிராம், மாலையில். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள், உயிருள்ள பொருள். காற்றில் ஈரம் இருந்தால்தான் பிடிக்கும். ஆடி தாண்டி மழை இறங்கிய பிறகு எனக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது, மே மாதத்தில் காசுதான் தண்டம்.

கடைசிப் படி ரசாயனம். செடிக்குள்ளேயே ஊடுருவும் வகை மருந்தைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார், பூச்சியும் சாகும். ஆனால் தேனிலும் அது ஏறும். எங்கள் செம்பருத்திக்குக் காலை ஏழு மணிக்குத் தேன்சிட்டு வரும். பூவைத் தலைக்கு எண்ணெய் காய்ச்சவும், சாமிக்கு வைக்கவும், தேநீர் போடவும் பறிக்கிற வீடுகளும் உண்டு. அந்த வீடுகளில் நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். பக்கத்தில் கீரைத் தொட்டி இருந்தாலும் வேண்டாம். அப்படியும் அடிக்க வேண்டிய நிலை என்றால் அளவைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பூவையும் மொட்டையும் முதலில் கிள்ளிவிடுங்கள், கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். ஊரிலிருந்து வயலுக்கு அடித்த மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்து அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் பாட்டிலை யாராவது எடுத்துக் குடித்துவிட்டால் செடியைப் பற்றிப் பேச ஆள் இருக்காது.

அறிகுறி 7: மேலே ஒன்றுமில்லை, செடி மட்டும் வாடிக்கொண்டே போகிறது

தொட்டியின் வடிகால் ஓட்டையில் எறும்பு போய்வருகிறதா? செடியை மண்ணோடு உருவிப் பாருங்கள். வேரிலும் தொட்டியின் உள்சுவரிலும் சுண்ணாம்புப் பொடி போல ஒட்டியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. வேர் கறுத்துக் கொழகொழவென்று நாறினால் பூச்சி இல்லை, தண்ணீர் தேங்கி அழுகியது.

வேர் மாவுப்பூச்சிக்கு: மண்ணை உதிர்த்து, வேரைக் கழுவி, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, புது மண்ணில் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு கலந்து நட்டு ஒரு வாரம் நிழலில் வையுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் போடக் கூடாது.

அறிகுறி 8: செடி முழுக்க வெள்ளை, தண்டே தெரியவில்லை

தெளிப்பு வீண். அடியிலிருந்து ஒரு அடி உயரம் விட்டு மொத்தமாக வெட்டி, மிச்சத் தண்டைப் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தேயுங்கள். நல்ல வேர் உள்ள செம்பருத்தி மூன்று வாரத்துக்குள் துளிர்க்கும். துளிரிலிருந்தே 7 நாள் கணக்கை ஆரம்பியுங்கள். துளிரிலும் வெள்ளை வந்தால், அது நர்சரியில் வாங்கிய சாதாரண ரகம் என்றால், நான் பிடுங்கிவிடுவேன். மற்ற எட்டுச் செடியைக் காப்பாற்ற அதுதான் மலிவு.

புதுச் செடி வாங்கினால் மற்றவற்றோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். என் மாடிக்கு முதன்முதலில் பூச்சி வந்ததே, பூவைப் பார்த்து மயங்கி வாங்கிய ஒரு மஞ்சள் அடுக்குச் செம்பருத்தியோடுதான்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

7 நாள் இடைவெளியில் நான்கு முறை சரியாக அடித்தும் குறையாவிட்டால். பப்பாளி, வெண்டை, கத்தரி என்று சாப்பிடும் செடிக்குத் தாவினால். அடுக்குமாடி வளாகத்தின் நீண்ட வேலி முழுக்கப் பரவினால். ஏணி வைத்து ஏற வேண்டிய உயரம் என்றால்.

கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்க வரும் ஆளிடம் "அப்படியே இதுக்கும்" என்று செடியைக் காட்டாதீர்கள், அது வீட்டுக்குள் அடிக்கும் மருந்து. கூப்பிட வேண்டியது உங்கள் பகுதித் தோட்டக்கலை உதவி அலுவலரை, அல்லது மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை. எங்கள் மாவட்டத்துக்குச் சிறுகமணியில் இருக்கிறது. முதலில் போனில் கேட்க வேண்டுமென்றால் கிசான் கால் சென்டர் 1800 180 1551, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மருந்து அடித்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி, கண் எரிச்சல் வந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு மருந்துப் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாதிரி எடுத்துப் போகும்போது பூச்சியோடு இலையையும் நுனியையும் வெட்டி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பைக்குள் வைத்து மூடுங்கள். இதுவரை என்ன அடித்தீர்கள், எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அலுவலர் முதலில் அதைத்தான் கேட்பார். போகும் வழியில் பஸ்ஸில் பையைத் திறந்து யாருக்கும் காட்ட வேண்டாம்.